பாங்காக்கில் முதல் நாள்: முதன்முறையாக வெளிநாடு போகும் தம்பதிக்கு

கல்யாணமாகி முதல் வெளிநாட்டுப் பயணம் என்றால் நம்மூரில் நிறையப் பேர் தாய்லாந்தைத்தான் சொல்கிறார்கள். சென்னையிலிருந்து நேரடி விமானத்தில் மூன்றரை மணி நேரம். செலவும் கைக்கு அடக்கம். வெயிலும் வியர்வையும் நமக்குப் பழகியவை. ஆனாலும் அங்கே போய் இறங்கிய முதல் நாளே சண்டை போட்டு, ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்த ஜோடிகளை எனக்குத் தெரியும். இடம் மோசம் என்பதால் அப்படி ஆவதில்லை. ராத்தூக்கம் கெட்ட உடம்போடு எல்லாவற்றையும் அன்றைக்கே பார்த்துவிட நினைப்பது ஒரு காரணம். பணம், பேப்பர், வழி எல்லாமே ஒருவர் கையில் மட்டும் இருப்பது இன்னொன்று. அதனால் அந்த முதல் நாளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். ஒரு நாள் சரியாக அமைந்தால் மீதி நாட்களை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

எல்லாம் இரண்டு

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குக் கிளம்பினால் டிக்கெட், பணம், போன் சார்ஜர் எல்லாம் ஒருவர் பையில் இருக்கும். இன்னொருவர் கூடவே நடப்பார். உள்ளூரில் இது ஓடிவிடும். அங்கே ஓடாது என்பதை நான் ஒரு படகுத்துறையில் தெரிந்துகொண்டேன்.

பாங்காக்கின் நடுவே சாவ் பிரயா ஆறு ஓடுகிறது. அதில் பயணிகள் படகு நம்மூர் டவுன் பஸ் மாதிரி. துறையில் வந்து ஒட்டும், படகுக்காரர் விசில் அடித்துக் கயிற்றைப் போடுவார், ஆட்கள் இறங்கி ஏறியதும் சட்டென்று கிளம்பிவிடும். முதல் நாள் காலை என் கணவர் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறிவிட்டார். நான் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் படகுக்கும் மிதவைக்கும் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்குத் தண்ணீர். அவர் அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டி ஏதோ சொல்கிறார். விசில் சத்தத்திலும் எஞ்சின் சத்தத்திலும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கையில் இருந்தவை ஒரு கைக்குட்டையும் சிம் போடாத செல்போனும்தான். ஓட்டல் பெயரைக்கூட நான் முழுதாக மனதில் வாங்கியிருக்கவில்லை.

டிக்கெட் கொடுக்கும் அம்மா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை என் பக்கம் நகர்த்தி, உட்கார் என்று சைகை காட்டினார். உட்கார்ந்தேன். என் கணவர் அடுத்த துறையில் இறங்கி, எதிர்ப்படகு பிடித்துத் திரும்பி வர 25 நிமிடம் ஆனது. வந்ததும், “நீ இங்கேயே இருந்தே பாரு, அது போதும்” என்றார். நான் பதில் சொல்லவில்லை, தொண்டை அடைத்துவிட்டது. அந்தத் துறை பெஞ்சிலேயே பையைத் திறந்து, எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்தோம்.

அதனால் நீங்கள் இதை வீட்டிலேயே செய்துவிடுங்கள். பணம் பாதி பாதி, இரண்டு பர்சில். ஆளுக்கொரு வெளிநாட்டுக் கார்டு. இரண்டு போனிலும் வேலை செய்யும் இணையம். பாஸ்போர்ட்டின் நகல், பயணக் காப்பீட்டுத் தாள், திரும்பி வரும் டிக்கெட் எல்லாம் இருவர் பையிலும் தாளாக ஒன்று, போனில் படமாக ஒன்று. ஓட்டலின் பெயரையும் முகவரியையும் தாய் எழுத்தில் அச்சிட்ட சிறிய அட்டை ரிசப்ஷனில் கிடைக்கும், இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் காட்டினால் பல டாக்சி ஓட்டுநர்களுக்குப் புரியாது, தாய் எழுத்தைக் காட்டினால் உடனே தலையசைப்பார்கள்.

அப்புறம் ஒரு பேச்சு. பிரிந்துவிட்டால் பின்தங்கியவர் நின்ற இடத்தைவிட்டு அசையக் கூடாது. முன்னால் போனவர்தான் திரும்பி வர வேண்டும். இருவரும் தேடிக் கிளம்பினால் இருவரும் தொலைந்தார்கள். இதை விமானம் ஏறும் முன்பே வாய்விட்டுப் பேசி முடிவுசெய்யுங்கள்.

பேப்பர் வேலை

2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசா விலக்கு கொடுக்கத் தொடங்கியது. இந்த விதிகள் மாறக்கூடியவை. அதனால் டிக்கெட் போடும் முன் ஒருமுறை, கிளம்பும் வாரத்தில் ஒருமுறை தாய்லாந்துத் தூதரகத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

2025 மே 1 முதல் ‘தாய்லாந்து டிஜிட்டல் வருகை அட்டை’ கட்டாயம். விமானத்தில் கொடுத்து வந்த பழைய தாள் படிவத்துக்குப் பதிலாக வந்தது இது. போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். காசு கிடையாது. இதை நிரப்பித் தருகிறோம் என்று கட்டணம் கேட்கும் தளங்கள் நிறைய முளைத்திருக்கின்றன; அங்கே கார்டு நம்பரைக் கொடுத்துவிடாதீர்கள், தாய்லாந்து இமிகிரேஷன் துறையின் தளத்துக்கே போங்கள். தங்கும் முகவரியும் விமான எண்ணும் கேட்கும். முடித்ததும் வரும் கியூஆர் குறியீட்டை இருவர் போனிலும் சேமித்து, ஒரு தாளிலும் அச்செடுங்கள்.

பெட்டியில் ஈ-சிகரெட் வேண்டாம். அங்கே அது சட்டவிரோதம். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இரண்டு முனைச் சார்ஜர் அங்கே பெரும்பாலும் அப்படியே பொருந்தும். மூன்று முனைக்கு அடாப்டர் தேவை.

பாங்காக்குக்கு இரண்டு விமான நிலையங்கள் உண்டு. பெரியது சுவர்ணபூமி, பழையது டான் முவாங். குறைந்த கட்டண விமானங்கள் பல டான் முவாங்கில் இறங்கும். டிக்கெட்டில் எது என்று பார்த்துவிட்டு ஓட்டலை முடிவுசெய்யுங்கள். கீழே நான் சொல்வது சுவர்ணபூமியில் இறங்குகிறவர்களுக்கு.

ஓட்டலைப் பொறுத்தவரை என் ஒரே யோசனை, மெட்ரோ நிலையத்திலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டே நடக்கும் தூரத்தில் எடுங்கள். சிலோம், சாத்தோர்ன், சுகும்வித் மூன்றும் அப்படிப்பட்ட பகுதிகள். பாங்காக்கின் டிராபிக்கில் முதல் நாள் மாட்டிக்கொண்டால் பாதி நாள் போச்சு.

இறங்கியதும்

சென்னை விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி, விடியும் நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். இதன் அர்த்தம், நீங்கள் தூங்க நினைக்கும் மூன்று மணி நேரத்தில் சாப்பாடு, அறிவிப்பு, இறங்கும் பரபரப்பு எல்லாம் கழித்தால் மிஞ்சுவது ஒன்றரை மணி நேரத் தூக்கம். இதை ஏற்றுக்கொண்டுதான் அன்றைய திட்டத்தைப் போட வேண்டும். விமானத்தில் படம் பார்க்காதீர்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

இமிகிரேஷன் வரிசை நீளமாக இருக்கும். வரிசைக்கு முன் கழிவறைக்குப் போய்விட்டு வந்து நில்லுங்கள். தண்ணீர்க் குழாயோடு கூடிய கைத்தெளிப்பான் தாய்லாந்தில் பெரும்பாலான இடங்களில் இருக்கும். நம்மவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று போனவர்களுக்குத் தெரியும். கவுண்டரில் போட்டோ எடுத்து, கைரேகை வாங்குவார்கள். எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்கலாம். ஓட்டல் புக்கிங்கும் திரும்பும் டிக்கெட்டும் கையில் தயாராக இருக்கட்டும். ஒருவர் ஒருவராகத்தான் கூப்பிடுவார்கள், அதனால் உங்கள் பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்க வேண்டும். பதில் உங்கள் வாயிலிருந்தும் வர வேண்டும்.

பெட்டி எடுத்து வெளியே வந்ததும் மூன்று வேலை. சிம், பணம், வண்டி.

சிம் கடைகள் வருகைக் கூடத்திலேயே இருக்கின்றன. பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் அவர்களே போட்டு, வேலை செய்கிறதா என்று காட்டித் தருவார்கள். இ-சிம் எடுக்கும் போன் என்றால் சென்னையிலேயே வாங்கிவிடலாம். எப்படியானாலும் இரண்டு போனுக்கும். “ஒருத்தர் போன்ல போட்டா போதும், ஹாட்ஸ்பாட் கொடுத்துக்கலாம்” என்று யாராவது சொன்னால் அந்தப் படகுத்துறையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு ரூபாய் நோட்டை நம்பிப் போகாதீர்கள், அங்கே அதற்கு நல்ல விலை கிடைக்காது. கசங்காத 100 டாலர் நோட்டுகளுக்குத்தான் மதிப்பு அதிகம். மேல்தளங்களில் இருக்கும் வங்கிக் கவுண்டர்களைத் தாண்டி, அடித்தளத்தில் ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கும் சிறிய பணமாற்றுக் கடைகளுக்குப் போங்கள். வித்தியாசம் பலகையிலேயே தெரியும். ஏ.டி.எம்.மில் வெளிநாட்டுக் கார்டு போட்டால் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு (பாட் என்பது தாய்லாந்துப் பணம்) மேல் கட்டணம் பிடிப்பார்கள், அதனால் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டாம். கார்டு தேய்க்கும் இடத்தில் “ரூபாயிலா, பாட்டிலா?” என்று திரை கேட்டால் பாட்டையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் நஷ்டம் உங்களுக்கு.

நோட்டுகளை நிறம் வைத்துப் பழகுங்கள். 20 பச்சை, 50 நீலம், 100 சிவப்பு, 500 ஊதா, 1000 பழுப்பு. தூக்கக் கலக்கத்தில் 100 என்று நினைத்து 1000 நீட்டிவிடுவது சுலபம். எல்லா நோட்டிலும் அரசர் படம் உண்டு. தாய்லாந்தில் அரச குடும்பத்தை அவமதிப்பது கடுமையான குற்றம். கீழே விழுந்த நோட்டு பறக்காமலிருக்கக் காலால் மிதித்துப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

வண்டிக்கு வருவோம். காலை நேரத்தில் ரயில்தான் நல்லது. அடித்தளத்திலிருந்து கிளம்பும் விமான நிலைய ரயில் அரை மணி நேரத்துக்குள் பயா தாய் நிலையத்தில் விடும். கடைசி வரை போனாலும் ஆளுக்கு 45 பாட். சுகும்வித் பக்கம் என்றால் பயா தாயில் மேம்பால ரயிலுக்கு மாறலாம். சுரங்க மெட்ரோ வேண்டுமென்றால் மக்கசான் நிலையத்தில் இறங்கி, நடைபாலம் வழியாகப் பக்கத்தில் இருக்கும் பெச்சபுரி நிலையத்துக்குப் போக வேண்டும். பெட்டி பெரியது, மூட்டு வலி, மழை என்று ஏதாவது இருந்தால் டாக்சி. முதல் தளத்தில் இயந்திரம் கொடுக்கும் சீட்டை எடுத்து, அதில் போட்டிருக்கும் எண்ணில் நிற்கும் வண்டிக்குப் போங்கள். மீட்டர் காசுக்கு மேல் விமான நிலையக் கட்டணமாக 50 பாட், சுங்கச்சாவடி காசு தனி. கூடத்திலேயே வந்து “டாக்சி, டாக்சி” என்று கையைப் பிடிப்பவர்களோடு போக வேண்டாம்.

ஓட்டலில் காலை எட்டு மணி

இங்கேதான் பலர் மனமுடைந்து போகிறார்கள். அறை பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். ரிசப்ஷனில் மன்றாடுவதால் பயனில்லை; முந்தைய இரவுக்கும் சேர்த்துப் பணம் கட்டினால்தான் நிச்சயம். கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. பெட்டிகளை ஓட்டலில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குளிக்க இடம் உண்டா என்று கேளுங்கள். நீச்சல்குளம் உள்ள இடங்களில் பக்கத்திலேயே குளியலறை இருக்கும், பெரும்பாலும் அனுமதிப்பார்கள். இதற்காகவே கைப்பையில் ஆளுக்கொரு மாற்று உடை, ஒரு துண்டு, பல்துலக்கி. அந்த உடை தோளையும் முழங்காலையும் மூடுவதாக இருக்கட்டும், ஏனென்றால் அடுத்து போவது கோயிலுக்கு. சுடிதாரும் பேன்ட்டும் போதும்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். அன்று முழுக்க மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வயிற்றுக்கு ஏதாவது போட வேண்டும். பசியில்லை என்றாலும். முதல் நாள் சண்டைகளில் பாதி பசியால் வருவது என்று உறுதியாக நம்புகிறேன்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள்: ‘ஜே’. மஞ்சள் கொடியில் சிவப்பாக எழுதி ஒட்டியிருப்பார்கள். இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, பூண்டு வெங்காயம்கூட இல்லாத சாப்பாடு. வெறும் காய்கறி என்று சொன்னால் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள், அவர்களுக்கு அது உப்பு மாதிரி. ‘ஜே’ என்றால் அதுவும் கிடையாது. தெருமுனைக்குத் தெருமுனை இருக்கும் செவன்-இலெவன் கடையில் பால், பிரெட், வாழைப்பழம், தயிர் எல்லாம் கிடைக்கும். தண்ணீர் பாட்டிலும் அங்கேயே வாங்குங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம்.

காலைப் பொழுதுக்கு ஓர் ஆற்றங்கரை

முதல் நாள் அரண்மனைக்குப் போகாதீர்கள். பாங்காக் என்றதும் எல்லோரும் ஓடுவது பேரரண்மனைக்குத்தான். பார்க்க வேண்டிய இடமும்தான். ஆனால் அங்கே நிழல் குறைவு, கூட்டம் அதிகம், ராமகதை ஓவியங்கள் மட்டுமே 178 பகுதிகளாகச் சுவர் முழுக்க நீள்கின்றன. தூங்காத கண்ணால் பார்ப்பது அந்த ஓவியங்களுக்குச் செய்யும் துரோகம். அதை இரண்டாம் நாள் காலைக்கு வையுங்கள்.

முதல் நாளுக்கு வாட் போவும் வாட் அருணும். ‘வாட்’ என்றால் கோயில். ஒன்று ஆற்றின் இக்கரை, மற்றது அக்கரை. நடுவில் ஒரு படகு. அவ்வளவுதான் அன்றைய நடை.

சுரங்க மெட்ரோவின் நீலப் பாதையில் சனாம் சாய் நிலையத்தில் இறங்குங்கள். 2019இல் திறந்த இந்த நிலையத்தை அரசவை மண்டபம் போலவே தூணும் பூவேலைப்பாடுமாகக் கட்டியிருக்கிறார்கள். படியேறும் முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நீலப் பாதையில் வங்கிக் கார்டையே கதவில் தட்டி உள்ளே போகலாம், ஆனால் ஓர் ஆளுக்கு ஒரு கார்டு. ஒரே கார்டை இரண்டு பேர் தட்ட முடியாது. ஆளுக்கொரு கார்டு என்று முன்பு சொன்னது இங்கேயும் உதவும்.

நிலையத்திலிருந்து வாட் போவுக்கு நடக்கும் தூரம்தான். வழியில் நல்ல சட்டை போட்ட ஒருவர் சிரித்தபடி வந்து, “இன்றைக்குக் கோயில் மூடியிருக்கிறது, விசேஷ நாள், நான் வேறு நல்ல இடம் காட்டுகிறேன், டுக்-டுக் ஆட்டோ 20 பாட்தான்” என்று சொல்லலாம். அரண்மனை வாசலிலும் இதே பேச்சுதான். பல ஆண்டுகளாக நடக்கும் ஏமாற்று. அந்த டுக்-டுக் கடைசியில் ரத்தினக் கடையிலோ தையல் கடையிலோ போய் நிற்கும், வாங்காமல் வெளியே வருவது பாடு. பதிலே சொல்லாமல் நடந்து, நுழைவாயிலில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஏதாவது சிக்கல் என்றால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155. இதையும் இருவர் போனிலும் ஏற்றி வையுங்கள்.

வாட் போவில் நுழைவு ஆளுக்கு 300 பாட். உள்ளே சயனப் புத்தர். 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். ஸ்ரீரங்கத்துப் பெருமாளைச் சேவித்தவர்களுக்குச் சயனக் கோலம் புதிதல்ல. ஆனாலும் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நுழைந்ததும் பொன்னிற முகம் உத்தரம் வரை நிறைந்து நிற்கும்போது கால் தானாக நின்றுவிடுகிறது. மண்டபம் சிலையைவிட அதிகம் பெரியதில்லை. எங்கே நின்றாலும் முழு உருவத்தை ஒரே பார்வையில் பார்க்க முடியாது, தூண்களுக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் தெரியும். நடந்துகொண்டே பாருங்கள். பாதத்தருகே வந்ததும் இடம் இருந்தால் சற்று நில்லுங்கள். கறுத்த அந்த உள்ளங்கால்களில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள், கட்டம் கட்டமாக. வெளிச்சம் படும் கோணத்துக்குத் தக்கபடி ஒரு கட்டம் பச்சையாக மின்னும், தலையைச் சாய்த்தால் அதே கட்டம் ரோஜா நிறம்.

சிலையின் முதுகுப் பக்கம் 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். 20 பாட் கொடுத்தால் ஒரு சிறு கிண்ணம் நிறையச் சில்லறை தருவார்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு காசு. டிங், டிங் என்று அந்தச் சத்தம் மண்டபம் முழுக்க மழை மாதிரி விழுந்துகொண்டே இருக்கும். இருவரும் ஒரே கிண்ணத்துச் சில்லறையைப் பங்குபோட்டு, ஒருவர் ஒன்று, மற்றவர் அடுத்தது என்று போட்டுக்கொண்டே போங்கள். நாங்கள் அப்படித்தான் போட்டோம். படகுத்துறையில் அடைத்த தொண்டை அங்கேதான் திறந்தது.

மீதிக் கோயிலைச் சாவகாசமாகச் சுற்றுங்கள். உடம்பை முறுக்கி ஆசனம் போடும் ரிஷிகளின் சிலைகளைத் தேடிப் பாருங்கள், தாய் மசாஜ் கலையின் பாடப் புத்தகம் போன்றவை அவை. அந்தக் கலைக்கு இந்தக் கோயில்தான் பள்ளிக்கூடம். வளாகத்துக்குள்ளேயே மசாஜ் செய்துகொள்ளவும் முடியும். விமானத்தில் இறுகிய கழுத்துக்கும் காலுக்கும் அரை மணி நேரம் கொடுத்துப் பாருங்கள், முதல் நாளில் நான் தயங்காமல் செய்யும் செலவு இது ஒன்றுதான்.

கோயிலில் சில மரியாதைகள். புத்தரை நோக்கிக் காலை நீட்டி உட்காரக் கூடாது. குழந்தையானாலும் யார் தலையையும் தொடக் கூடாது. பெண்கள் பிக்குகளைத் தொடவோ, கையோடு கை பொருள் கொடுக்கவோ கூடாது. தோளில் கைபோட்டுப் படம் எடுப்பதெல்லாம் வெளியே வந்த பிறகு.

அக்கரையில் தசகண்டன்

வாட் போவுக்குப் பின்புறம் தா தியன் துறை. அங்கிருந்து எதிர்க்கரைக்குச் சில பாட் கொடுத்தால் படகு. இருவரும் சேர்ந்து ஏறுங்கள். ஒருவர் காலை வைத்தால் மற்றவர் கை அவர் பையில் இருக்கட்டும்.

அக்கரையில் தெரியும் கோபுரம் வாட் அருண். சூரியனின் தேரோட்டி அருணன் பெயரால் வந்தது. தூரத்தில் சாம்பல் நிறமாகத் தெரிவது கிட்டப் போகப் போகப் பூவாக மலரும். கோபுரம் முழுக்கப் பதித்திருப்பவை பீங்கான் துண்டுகள், கிளிஞ்சல்கள். சீனக் கப்பல்களில் பாரத்துக்காக ஏற்றி வந்த பீங்கான்தான் இப்படிப் பூவும் இலையுமாக மாறியிருக்கிறது. ஒரு துண்டை விரல்தூரத்தில் நின்று பாருங்கள், உடைந்த தட்டின் வளைவு அப்படியே தெரியும். மேலே ஐராவதத்தின் மீது இந்திரன். பக்கத்து மண்டப வாசலில் காவல் நிற்கும் இரண்டு பெரிய யக்ஷர்களில் பச்சை நிறத்தவர் பெயர் தோத்சகன். நம் தசகண்டன், இராவணன். அடுக்கடுக்கான தலையோடு, கதாயுதத்தை ஊன்றிக்கொண்டு, கோயிலுக்குக் காவல். நம்மூர்க் கதையில் கோட்டையை இழந்தவரை இங்கே வாயிற்காவலராக வைத்து வணங்குவதைப் பார்த்தபோது எனக்கு மனது நிறைந்தது.

கோபுரப் படிகள் செங்குத்தானவை. தூக்கக் கலக்கம் இருந்தால் ஏறாதீர்கள், கீழிருந்தே எல்லாம் தெரியும். சுற்றிலும் தாய் பாரம்பரிய உடை வாடகைக்குக் கிடைக்கும். ஜோடியாகப் போட்டுப் படம் எடுப்பது அங்கே பெரிய விருப்பம். எடுக்க ஆசை என்றால் எடுங்கள், ஆனால் விலையையும் எத்தனை மணி நேரம் என்பதையும் முதலில் பேசிவிடுங்கள்.

பகல் ஒரு மணி ஆனதும், எங்கே இருந்தாலும் சரி, திரும்புங்கள்.

தூக்கமும் மாலையும்

அறைக்கு வந்ததும் பாஸ்போர்ட்டுகளை லாக்கரில் வைத்து, நகலை மட்டும் பையில் வைத்துக்கொள்வது என் வழக்கம். முன்பணம் கேட்டால் ரசீது வாங்குங்கள். வீட்டுக்கு ஒரு போன், இரண்டு பக்கப் பெற்றோருக்கும். வந்து சேர்ந்தோம், சாப்பிட்டோம், தூங்கப் போகிறோம். அதோடு அன்றைக்குப் போதும். வாட்ஸ்ஆப் குழுவில் படம் போடத் தொடங்கினால் ஆளுக்கொரு போனோடு மாலை போய்விடும்.

இரண்டு மணி நேரம் தூங்குங்கள். அலாரம் வைத்துத்தான். ஐந்து மணிக்கு மேல் நீட்டினால் ராத்தூக்கம் போய், மறுநாளும் கெடும்.

மாலைக்குச் சிலோம் சாலை. பான் தெரு முனையில் திடீரென்று ஒரு கோபுரம் எழும்பி நிற்கும், நம்மூர் வண்ணத்தில், நம்மூர்ச் சிற்பங்களோடு. மகா மாரியம்மன் கோயில். 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து குடியேறிய தமிழர்கள் கட்டியது. உள்ளூர்க்காரர்கள் ‘வாட் கேக்’ என்று சொல்கிறார்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. வெளியே பூக்கடைகளில் தாய் இளைஞர்கள் மாலையும் தேங்காயும் பழமும் வைத்த தட்டோடு வரிசையில் நிற்பார்கள். நம் மாரியம்மனை அவர்கள் அவ்வளவு பக்தியோடு கும்பிடுவதைப் பார்க்கவே போகலாம். வீட்டை விட்டு வந்து ஒரு நாள்கூட ஆகாத நிலையில், மல்லிகை வாசமும் கற்பூர வாசமும் மூக்கில் ஏறும்போது பாதிப் படபடப்பு அடங்கிவிடும்.

இரவுச் சாப்பாட்டைச் சிலோம் பகுதியிலேயே முடியுங்கள். இந்தியச் சாப்பாட்டுக் கடைகளும் அங்கே உண்டு. முதல் இரவு தெரிந்த சாப்பாட்டைத் தேடுவதில் தப்பில்லை. முடிந்தால் மாம்பழத்தோடு தேங்காய்ப்பால் ஊற்றிய பிசினரிசிச் சோறு ஒரு தட்டு வாங்கி இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். அன்றைக்குத் துணிக்கடை, இரவுச் சந்தை எதுவும் வேண்டாம். விலை பிடிபடாத ஊரில் முதல் நாள் வாங்கிய பொருளுக்குத்தான் அதிகம் கொடுத்திருப்போம்.

ஒன்பதரைக்கு அறையில் இருங்கள். படுக்கும் முன் ஒரு பத்து நிமிடம். பேரரண்மனை காலை எட்டரைக்குத் திறக்கும், ஆளுக்கு 500 பாட், அங்கே உடைக் கட்டுப்பாடு இன்னும் கண்டிப்பு. அதற்கான உடையை நாற்காலியில் எடுத்துப் போடுங்கள். இரண்டு போனையும் சார்ஜில் செருகுங்கள். மீதமிருக்கும் பணத்தைக் கட்டில் மேல் கொட்டி, நிறம் பார்த்து எண்ணி, மறுபடியும் பாதி பாதியாகப் பிரித்து இரண்டு பர்சிலும் வையுங்கள்.